பாட்டுக் கட்டியவள் பெயர் என்ன?

சில வருடங்களுக்கு முன்னர், மார்ச் 8 ஆம் திகதி, மட்டக்களப்பில் நடந்த ஒரு மகளிர் தின நிகழ்வுக்குப் போயிருந்தேன். தகரக் கூரை போட்ட மண்டபம். நல்ல வெயில். பேச்சுக்கள் நீண்டுகொண்டு போனதில் பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் ஐந்து பெண்கள் மேடையேறி ஒரு பாட்டுப் பாடினார்கள். வீட்டுத் தலைவியாகிவிட்ட ஒருத்தி விடிகாலையில் கதவைத் திறப்பதில் தொடங்கி, இரவு கதவைப் பூட்டி இரண்டாம் தரமும் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பதோடு முடிகிற பாட்டு. மண்டபம் அமைதியாகிவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக் கொண்டாள்.

பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் நன்றி கூறினார். பாடியவர்களின் பெயர்களைச் சொன்னார். ஆர்மோனியம் வாசித்தவர், ஒலிபெருக்கி தந்தவர், மண்டபம் தந்தவர் எல்லோரையும் சொன்னார். பாட்டை எழுதியவர் யார் என்று மட்டும் சொல்லவில்லை. நான் எழுந்து போய் விசாரித்தேன். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார். கடைசியில் மண்டபத்தின் பின்பக்கத்தில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"நான்தான் அக்கா எழுதின. பெயரெல்லாம் எதுக்கு?" என்றாள் அவள், கையிலிருந்த சவர்க்கார நுரையைத் துடைத்தபடி.

அந்தக் கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை. பாட்டு எழுதுகிற, அல்லது எங்கள் பேச்சில் சொன்னால் பாட்டுக் கட்டுகிற, பெண்களைத் தேடிப் போய்க் கதைக்க வேண்டுமென்று அன்று நினைத்தேன். மூன்று பேரைப் பற்றி இங்கு எழுதுகிறேன். தங்கள் பெயரைப் போட வேண்டாமென்று மூவரும் கேட்டுக்கொண்டார்கள். பெயர் இல்லாமற் போவதைப் பற்றி எழுதும் கட்டுரையிலேயே பெயர்களை விட வேண்டியிருப்பது எனக்கு வருத்தந்தான். ஆனாலும் ஒருவர் தன் பெயரை மறைக்க விரும்புவது வேறு, மற்றவர்கள் அதை விட்டுவிடுவது வேறு.

"எண்ணைப் பாட்டில வைக்காதீங்க"

ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் முதலாமவரைச் சந்தித்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். இருபது வயதிலிருந்து கொழுந்து பறிக்கிறார். ஒன்பதாம் வகுப்பு வரையே படித்தவர். கூட்டங்களுக்கும் வீதி நாடகங்களுக்கும் இருபதுக்கு மேற்பட்ட பாட்டுக்கள் கட்டியிருக்கிறார்.

எப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்.

"மலையில நிரையில நிக்கிறப்ப கை அதுபாட்டுக்கு ஓடும். வாய் சும்மாதானே இருக்கும். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு சினிமா மெட்டை எடுத்துக்குவேன். மெட்டு தெரிஞ்சிருந்தா ரெண்டாவது தடவையே பக்கத்து நிரைக்காரி கூடச் சேர்ந்துக்குவா. புது மெட்டா இருந்தா பத்து நாளாகும்."

இது புதிய வழியல்ல என்பதை அவருக்குச் சொன்னேன். கோதண்டராம நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், அக்காலத்தில் மக்களுக்குப் பழக்கமாயிருந்த மெட்டுக்களிலேயே தோட்டத் தொழிலாளருக்கான பாட்டுக்களை எழுதி, கூட்டங்களில் தாமே பாடினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பாடல் நூல் 1940 இல் வெளிவந்தது. எழுத வாசிக்கத் தெரியாதவர்களே கூடுதலாக இருந்த கூட்டங்களில், பேச்சை விடப் பாட்டே வீடு வரை போகும் என்பதை அவர் அறிந்திருந்தார். இதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அப்ப நமக்கும் ஒரு பாட்டி இருந்திருக்காங்க," என்றார்.

பாட்டின் சொற்களைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னவை எழுதப் பழகும் எவருக்கும் பயன்படும். மேடேறும்போது மூச்சு வாங்கும், ஆகவே வரி சிறிதாக இருக்க வேண்டும். கூட்டமாகப் பாடும் வரியில் திரும்பத் திரும்ப வரும் சொல் வாயை நன்றாகத் திறந்து பாடக்கூடியதாக இருக்க வேண்டும். 'ஆ', 'ஓ' என்று முடிந்தால் தூரத்து மலை வரை கேட்கும். 'உ' என்று முடிந்தால் வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

பிறகு தான் விட்ட ஒரு பிழையைச் சொன்னார். 2015 அளவில் நாளாந்தச் சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது, 'ஆயிரம்' என்ற சொல்லைப் பல்லவியில் வைத்து ஒரு பாட்டுக் கட்டினார். எல்லாத் தோட்டங்களிலும் பாடினார்கள். அந்த ஆயிரம் ரூபா சட்டப்படி வந்தது 2021 மார்ச்சில். அடுத்த வருடமே நாட்டில் பொருளாதார நெருக்கடி. மாவும் அரிசியும் விலையேறி, ஆயிரம் ரூபாவுக்கு ஒரு வீட்டுச் சமையலே போதவில்லை.

"பாட்டு கெழவியாயிடிச்சு அக்கா. எண்ணை ஒருநாளும் பாட்டில வைக்காதீங்க. சட்டியை வைங்க. சட்டி காலியா இருக்குன்னு பாடினா எந்த வருசமும் பொருந்தும்."

அவருக்கும் ஒரு மனக்குறை உண்டு. அவருடைய பாட்டொன்று ஓர் இறுவட்டில் வந்திருக்கிறது. அதன் உறையில் 'நாட்டார் பாடல்' என்று போட்டிருந்தார்களாம். "நாட்டார்னா யாரு? நான் இங்கதானே இருக்கேன்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மலையகப் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் தேடிச் சேகரித்திராவிட்டால் அவற்றில் பல அழிந்தே போயிருக்கும். அந்தச் சேகரிப்பு பெரிய தொண்டு. ஆனால் கட்டியவள் உயிரோடு பக்கத்து லயத்தில் இருக்கும்போது அவளையும் 'நாட்டார்' ஆக்கிவிடுவது நியாயமில்லை.

"அரைவாசி முற்பணம்"

கோப்பை கழுவிக்கொண்டிருந்த பெண்ணைப் பிறகு அவளது வீட்டிலேயே சந்தித்தேன். வாகரைப் பகுதியைச் சேர்ந்தவள். 2006 இல் இடம்பெயர்ந்து முகாமுக்கு வந்தபோது அவளுக்குப் பதினாலு வயது. முகாமில் பெண்பிள்ளைகளைச் சேர்த்து நாடகமும் பாட்டும் பழக்க வந்த அக்காமாரிடந்தான் முதலில் பாட்டெழுதப் பழகினாள். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புக்கள் தொண்ணூறுகளிலிருந்தே பெண்களின் துயரத்தையும் உரிமையையும் பாட்டாகவும் நாடகமாகவும் கிராமங்களுக்குக் கொண்டு சென்றிருந்தன. அந்த வழியில் வந்தவள் இவள்.

இப்போது தையல் வேலையோடு பாட்டும் எழுதுகிறாள். கோயில் திருவிழாப் பாட்டு, பாடசாலை விழாப் பாட்டு, குறும்படப் பாட்டு என்று பலதும் வரும். பெரும்பாலும் இசையமைப்பவர் கைத்தொலைபேசியில் மெட்டை முனகி அனுப்புவார். அவள் அதைத் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பாள். முதலில் சொல்லே வராது. 'தன்னன தானனா' என்று தத்தகாரமாகக் கொப்பியில் எழுதிக்கொள்வாள். எந்த இடத்தில் மெட்டு நீளுகிறது, எந்த இடத்தில் வெட்டி நிற்கிறது என்று கோடு போடுவாள்.

"நீளுற இடத்தில நெடில் வரவேணும் அக்கா. அதில குறில வச்சா பாடுறவர் இழுத்து இழுத்துச் சொல்லையே மாத்திப்போடுவார். 'மலை' எண்டு நான் எழுதின 'மாலை' ஆகிப் போன கதையும் இரிக்கு," என்று சொல்லிச் சிரித்தாள்.

பல்லவியை ஐந்து விதமாக எழுதி அனுப்புவாள். அதிலொன்றை அவர்கள் தெரிவு செய்வார்கள். பல்லவி சரிவந்தால் சரணம் ஒரு நாளில் முடிந்துவிடும். எதுகை மோனை வராவிட்டால் காது ஏற்காது. ஆனால் எதுகைக்காகப் பொய் சொல்லக்கூடாது என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். "'கண்' வந்த உடனே 'மண்', 'பெண்' எண்டு கையில வரும். உடன வாற சொல்ல நான் எடுக்கிறல்ல. அது எல்லாரிட்டயும் இரிக்கிற சொல்."

யாரைப் பார்த்து ஆசைப்பட்டாய் என்று கேட்டேன். கவிஞர் தாமரையின் பெயரைச் சொன்னாள். கோயம்புத்தூரைச் சேர்ந்த தாமரை பொறியியல் படித்தவர். பெரும்பாலும் ஆண்களே எழுதிவந்த தமிழ்ச் சினிமாப் பாட்டுலகில் நுழைந்து, 2001 இல் வெளியான 'மின்னலே' படத்தின் பாட்டால் வீட்டுக்கு வீடு அறியப்பட்டார். ஆபாசமாக எழுதுவதில்லை என்ற கொள்கையோடு அந்தத் துறையில் நின்று பிடித்தவர். "ஒரு பெண் அப்படிச் சொல்லிப்போட்டும் தொழில் செய்யலாம் எண்டு அவவப் பார்த்துத்தான் தெரிஞ்சுகொண்டன்," என்றாள்.

அந்தத் தைரியத்துக்கு அவளும் விலை கொடுத்திருக்கிறாள். காதலித்து விட்டுப் போன பெண்ணை ஏசுகிற மாதிரி ஒரு பாட்டு எழுதித் தரும்படி கேட்டார்கள். பெண்ணைத் தூற்றுகிற வரிகளை எழுத முடியாது, பிரிந்த துயரத்தை எழுதித் தருகிறேன் என்றாள். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த மாதம் மின்சாரக் கட்டணம் கட்டக் காசில்லாமற் போனது என்பதையும் மறைக்காமற் சொன்னாள்.

பணத்தைப் பற்றிக் கேட்டபோது சிறிது தயங்கினாள். முதல் ஏழு பாட்டுக்களுக்கு ஒரு சதமும் வாங்கவில்லை. 'பெயர் வரும், அதுதான் பெரிசு' என்றார்களாம். சில பாட்டுக்களில் அந்தப் பெயரும் வரவில்லை. ஒருநாள் அவளது தாயார் கேட்டார்: "சட்டை தைக்கக் கொண்டு வாறவங்களிட்ட நூலுக்கும் கூலிக்கும் வாங்கிறாய். பாட்டுக்கு மட்டும் ஏன் புள்ள வாங்கிறல்ல? அதுவும் நீ முழிச்சிருந்து தைச்சதுதானே?" அதற்குப் பிறகு அரைவாசி முற்பணம் வாங்காமல் எழுதுவதில்லை. கேட்கத் தொடங்கியதும் சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் மரியாதையாகப் பேசத் தொடங்கினார்கள்.

"அவனுக்குப் பாட்டு இல்லை"

மூன்றாமவர் கிளிநொச்சிப் பக்கத்தில் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டிய அம்மா. தன்னைப் பாட்டுக் கட்டுபவர் என்று அவர் ஒருபோதும் சொல்வதில்லை. ஆனால் சுற்றியுள்ள மூன்று கிராமங்களில் சாவு விழுந்தால், ஒப்புச் சொல்லி அழ அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒப்பாரி என்பது ஏற்கெனவே பாடமாக்கி வைத்ததைச் சொல்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா மறுத்தார். "அடி ஒண்டு இருக்கும் பிள்ளை. ஆனா அதுக்குள்ள போடுற சாமான் அந்த வீட்டுச் சாமானாய் இருக்கவேணும். போன உடன நான் அழத் தொடங்கிறேல்லை. பின்பக்கம் போய், மனிசன் என்ன வேலை செய்தவர், எந்தப் பிள்ளையில பட்சம், கடைசியா என்ன கேட்டவர் எண்டு விசாரிப்பன். அதுக்குப் பிறகுதான் இருந்து சொல்லுவன்." ஒரு வரியில் கேட்டால் அடுத்த வரியில் பதில் வர வேண்டும். முறை வைத்து, ஐயா என்றோ, ராசா என்றோ கூப்பிட வேண்டும். சொல்பவள் முதலில் அழுதுவிடக் கூடாது. மற்றவர்கள் அழுவதற்கு வழி திறந்துவிட்டு, தன் குரலை அவள் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இது எத்தனை பழைய கலை என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். போரில் தந்தையையும் மலையையும் இழந்த பாரியின் பெண்மக்கள் பாடிய பாட்டு, புறநானூற்றில் 112 ஆவதாக இருக்கிறது. இரண்டாயிரம் வருடங்களாகியும் அது நிற்கிறது. அதைப் பாடியவர்களின் சொந்தப் பெயர் அந்தப் பாட்டோடு இல்லை. 'பாரி மகளிர்' என்றே எழுதப்பட்டிருக்கிறது.

அம்மாவின் இளைய மகன் 2009 மே மாதத்தில் வட்டுவாகலைக் கடந்து வரும்போது கூட்டத்தில் பிரிந்து போனவர். இன்றுவரை தகவல் இல்லை. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது அம்மாவும் போய் இருந்தார். காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் நிறைவேற்றப்பட்டது. படிவங்கள் நிரப்பினார். விசாரணைகளுக்குப் போனார். அவரோடு பந்தலில் இருந்த தாய்மாரில் சிலர் பதிலைக் கேட்காமலே இறந்துபோனார்கள். அவர்களுக்கும் அம்மாதான் ஒப்புச் சொன்னார்.

"எல்லாற்ற பிள்ளையளுக்கும் சொல்லுறியள். உங்கட மகனுக்கு ஏதாவது..." என்று தொடங்கிவிட்டு, நான் கேட்டிருக்கக் கூடாது என்று உடனே நினைத்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிறந்த பிள்ளைக்குத் தாலாட்டு இருக்கு. செத்த பிள்ளைக்கு ஒப்பு இருக்கு. காணாமற் போன பிள்ளைக்கு எங்கட ஆக்கள் ஒரு பாட்டும் வைச்சிட்டுப் போகேல்லை. ஒப்புச் சொன்னால் நான் அவனைச் சாக்காட்டின மாதிரி. தாலாட்டுச் சொல்லுறதுக்கு அவன் மடியில இல்லை. அவனுக்குப் பாட்டு இல்லை பிள்ளை."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். கடந்த சில வருடங்களாகத் தானே ஒன்றைக் கட்டி வருகிறாராம். மெட்டு, அவனுக்குப் பாடிய தாலாட்டின் மெட்டு. ஆனால் அதில் நித்திரை என்ற சொல் வராது. ஒப்பாரியில் வருகிற 'போனாயோ', 'விட்டாயோ' எதுவும் வராது. முடிந்து போனதைச் சொல்கிற ஒரு சொல்லும் இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைக்கிறார். 'இருந்தாய்' என்று வாயில் வந்தால் நிறுத்தி 'இருக்கிறாய்' என்று மாற்றுகிறார். 'சாப்பிட்டாய்' என்று வந்தால் 'சாப்பிடுறியோ' என்று மாற்றுகிறார். சில நாட்களில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாமல் எழும்பிப் போய் முற்றத்தைக் கூட்டுவாராம்.

பள்ளிக்கூடத்தில் இறந்தகாலம், நிகழ்காலம் என்று நாங்கள் படித்தது ஒரு தாய்க்கு இப்படி வந்து நிற்கும் என்று நான் நினைத்ததில்லை.

கொப்பியைத் திறந்தேன். அம்மா கையால் மறித்தார். "எழுதாதை பிள்ளை. அது முடியேல்லை. அவன் வந்தால்தான் அது முடியும்."

கொப்பியை மூடிவிட்டேன். அந்தப் பாட்டு அவருடையது. எப்போது வெளியே வர வேண்டுமென்று தீர்மானிப்பதும் அவரே.

நாம் செய்யக்கூடியவை

இந்தச் சந்திப்புக்களுக்குப் பிறகு, பாட்டெழுதும் எங்கள் வாசகிகளுக்குச் சில விடயங்களைச் சொல்ல வேண்டுமென்று தோன்றியது.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டு எழுதியவருக்கும் உரிமை தருகிறது. அதற்காக எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. நீங்கள் எழுதிய பொழுதே உரிமை உங்களுடையதாகிவிடுகிறது. அது உங்கள் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின்னர் 70 வருடங்களும் நிலைக்கும். ஆகவே அது உங்கள் பிள்ளைகளுக்கும் சேரக்கூடிய சொத்து. எழுதியவர் நானே என்று பெயர் போடும்படி கேட்பதும் அந்த உரிமைக்குள் அடங்கும்.

ஆனால் நாளை ஒருவர் மறுத்தால் காட்டுவதற்கு உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். எனவே பாட்டுக்கென்று ஒரு கொப்பி வையுங்கள். ஒவ்வொரு பாட்டின் கீழும் திகதியும் பெயரும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் பாடி, தொடக்கத்திலேயே பெயரையும் திகதியையும் சொல்லிப் பதிந்து வைக்கலாம். பாட்டைக் கொடுக்கும்போது எவ்வளவு பணம், எங்கே பயன்படுத்துவார்கள், பெயர் எப்படி வரும் என்பதை ஒரு தாளில் எழுதி இரு பகுதியினரும் கையெழுத்திடுங்கள். சினிமா மெட்டில் கட்டிய பாட்டை இறுவட்டாகவோ காணொளியாகவோ வெளியிடுவதென்றால் ஒன்றை மறக்க வேண்டாம்: வரிகள் உங்களுடையவை, மெட்டு இன்னொருவருடையது. அதற்கு அனுமதி பெற வேண்டும்.

இன்னொன்று, எங்கள் எல்லோருக்குமானது. உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ பாடிய தாலாட்டு, நடவுப் பாட்டு, கவி, ஒப்பு எதுவாக இருந்தாலும், அவர் சம்மதித்தால், எழுதி வையுங்கள். 'நாட்டார் பாடல்' என்று தலைப்பிட வேண்டாம். அவரது முழுப் பெயரையும் ஊரையும் எழுதுங்கள்.

அடுத்த மகளிர் தின நிகழ்வுக்கு நான் போனபோது அந்தப் பாட்டை மறுபடியும் பாடினார்கள். இம்முறை அறிவிப்பாளர் எழுதியவரின் பெயரைச் சொன்னார். அவளைத் தேடினேன். பின்பக்கத்தில் கோப்பைகளோடு தான் நின்றாள். ஆனால் பெயரைச் சொன்ன நேரத்தில் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு, கதவடியில் வந்து நின்று கேட்டாள்.